இடது பக்கம் இழுக்கும் வண்டி

கண்ணாடிக் கடையில் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்ட வருகிறவர்கள் கொண்டுவரும் அளவை அவர் நம்பவே மாட்டார். நேரில் போய் மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளப்பார். அப்புறம் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு தடவை. இரண்டு குறுக்களவும் ஒன்றாக வராவிட்டால், "உங்க ஜன்னல் கோணல்" என்று வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் மறுவேலை. பிறத்தியார் கோணலைக் கண்டுபிடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

இந்தக் கதை அவரைப் பற்றியது அல்ல, அவர் மனைவியைப் பற்றியது. ஆனால் அவரைத் தள்ளிவைத்துவிட்டு அவளைப் பற்றிப் பேச முடியாது. இருபத்திரண்டு வருஷமாக அவளுக்கும் அதுதான் பிரச்சினை.

அவள் தையல்காரி. வீட்டு முன்னறையில், ஜன்னல் ஓரமாக மெஷின். கழுத்தில் எப்போதும் டேப். ஜன்னலுக்கு வெளியே சிமெண்டுத் தரை போட்ட கொட்டகை, கொட்டகைக்குள் அவர்கள் கார். மெஷினில் உட்கார்ந்து நிமிர்ந்தால் காரின் முகம்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் அவருடைய இரண்டு கால்களும் தெரியும்.

காரை அவர் எந்த ஒர்க்‌ஷாப்புக்கும் விடமாட்டார். மெக்கானிக்குகள் எல்லாம் குத்துமதிப்பாக வேலை செய்கிறவர்கள் என்பது அவர் கட்சி. ஆறு வருஷத்துக்கு முன்னால் கிளட்ச் மாற்ற வேண்டி வந்தபோது, காரின் முன் சப்ஃப்ரேமை அவரே இறக்கினார். என்ஜினுக்கு அடியில், முன்சக்கரங்களைப் பிடித்திருக்கும் கைகளையெல்லாம் தாங்கிக்கொண்டு, நாலே நாலு போல்ட்டில் வண்டியின் உடம்போடு தொங்கும் கனத்த இரும்புச் சட்டம் அது. கழற்றும் முன் எங்கே இருந்தது என்று குறி போட்டுக்கொள்ள வேண்டாமா என்று அவள் அப்போதே கேட்டாள். "எல்லாம் மனசுல இருக்கு" என்றார். மனசில் இருந்த இடத்தில் மாட்டினார்.

மாட்டியபின் ஸ்டீயரிங் கொஞ்சம் சாய்ந்து நின்றது. மனிதர் அசரவில்லை. ஸ்டீயரிங் வளையத்தைக் கழற்றி, அது உட்காரும் தண்டில் ஒரு பல் தள்ளி, பார்வைக்கு நேராகத் தெரிகிற மாதிரி மாட்டிவிட்டார். வண்டி லேசாக இடது பக்கம் இழுத்தது. ரோடு சரிவு என்றார். இடது முன் டயர் உள்பக்கமாகத் தேய்ந்தது. டயர் கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார். ஊரில் உள்ள ரோடு அத்தனையும் ஒரே பக்கம் சரிவாக இருக்குமா என்று கேட்க அந்த வீட்டில் அன்று ஆள் இல்லை. இருந்த ஒருத்திக்கு அப்போது கார் ஓட்டத் தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அவள் கற்றுக்கொண்டாள். பயிற்சிப் பள்ளியின் வண்டியில் பென்சிலால் கோடு இழுத்தது போல ஓட்டினாள். "நல்ல கைங்க உங்களுக்கு" என்று பயிற்சியாளரே சொன்னார். தேர்வுக்கு அவர் சொல்படி சொந்த வண்டியையே கொண்டுபோனாள். இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே நேராகப் போகச் சொன்னார் ஆய்வாளர். பாதி தூரத்தில் வண்டி இடது கோட்டை மிதித்தது. பெயில். எட்டு மாதம் பழகிவிட்டு மறுபடி போனாள். மறுபடி அதே கோடு, அதே சக்கரம்.

மில்லிமீட்டர் வண்டிக்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தார். எண்ணெய் மாற்றியது, பிரேக் கட்டை மாற்றியது எல்லாம் தேதி போட்டு அச்சுக் கையெழுத்தில் இருக்கும். அதில் இந்த இரண்டு பெயிலையும் ஏற்றினார். காரணம் என்ற கட்டத்தில் இரண்டு தடவையும் ஒரே வார்த்தை: ஓட்டுநர் பிழை.

அதோடு விட்டாரா? ஒரு தத்துவமும் கண்டுபிடித்தார். நாள் முழுக்கக் கத்தரி பிடித்துப் பிடித்து அவளுக்கு வலது கை பலம் ஏறிவிட்டதாம். அந்தக் கை அவளுக்கே தெரியாமல் ஸ்டீயரிங்கை மேலே தள்ளுகிறதாம். அதனால்தான் வண்டி இடது பக்கம் போகிறதாம். இடது கையைப் பலப்படுத்த ஒரு சிவப்பு ரப்பர் பந்து வாங்கி வந்தார். "காலையில அம்பது, சாயங்காலம் அம்பது. எண்ணி அமுக்கு" என்றார். சொந்தக்காரர் யார் வந்தாலும் இந்தக் கை விஷயத்தை விலாவாரியாக எடுத்துச் சொன்னார். வந்தவர்கள் எல்லாம் அவள் கையைப் பார்த்தார்கள். அவளும் பந்தை அமுக்கினாள், எண்ணி எண்ணி, மாதக்கணக்கில்.

பந்து என்னவோ பஞ்சாய்ப் போனது. ஆனால் வேறொன்றும் நடந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. துணியில் சாக்பீஸ் கோடு போட்டவுடன் சரசரவென்று வெட்டிப் பழகியவள், கத்தரியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி அளந்து பார்க்கத் தொடங்கினாள். சில நாள் மூன்று தடவை. தன் கையையே அவளால் நம்ப முடியவில்லை.

இந்த நேரத்தில்தான் அவளுடைய அக்கா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் நடைப்பயிற்சி செய்ய வேண்டும், இந்த மூன்று மாதத்தை விட்டால் கால் மடங்காமலே போய்விடும் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். அக்கா தனிக்கட்டை. பஸ் படியில் கால் வைக்க முடியாது, ஆட்டோவுக்குக் கொடுத்துக் கட்டாது. பக்கத்து வீட்டுக்காரர் வாரத்தில் ஒரு நாள் கூட்டிப்போனார், மற்ற இரண்டு நாள் வீணாகிக்கொண்டிருந்தது. மில்லிமீட்டருக்குக் கடையில் வாரத்துக்கு இரண்டு நாள் லீவு கிடைக்காது. "நான் லைசென்ஸ் வாங்கிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்க்கா" என்று வாக்குக் கொடுத்திருந்தாள் தங்கை. மூன்றாவது தேர்வு வியாழக்கிழமை. அதிலும் தோற்றால் ஆறு மாதம் கழித்துத்தான் விண்ணப்பிக்கவே முடியும். ஆறு மாதம் கழித்து அக்காவின் காலுக்கு அந்த லைசென்ஸ் எதற்கு?

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, வண்டியின் முன்பக்கம் 'டொக் டொக்' என்கிறது, தேய்ந்துபோன ஒரு ரப்பர் புஷ் மாற்ற வேண்டும், சப்ஃப்ரேமை ஒரு சாண் இறக்க வேண்டும் என்று கிளம்பினார் மில்லிமீட்டர். தேர்வுக்கு நாலு நாள் இருக்கும்போது இது தேவையா என்று அவள் கேட்டதற்கு, சத்தம் வருகிற வண்டியை ஆய்வாளர் மதிக்கமாட்டார் என்றார். ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டு வைத்து, அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டு, அதன்மேல் படுத்துக்கொண்டார். டார்ச் பிடிக்க அவளையும் பக்கத்தில் படுக்க வைத்தார்.

முதல் தடவை குறி போடாதவர் இப்போதெல்லாம் குறி போடாமல் கழற்றுவதில்லை. ஒவ்வொரு போல்ட் தலையைச் சுற்றியும் மெல்லிய தூரிகையால் மஞ்சள் பெயிண்ட் அடித்தார். அடியில் ஏற்கெனவே ஒரு வெள்ளை வட்டம் இருந்தது. அதற்கும் அடியில் ஒரு நீலம். "மூணு தடவை இறக்கியிருக்கேன். மூணு தடவையும் அதே இடம். முடியளவு மாறல" என்றார் பெருமையாக.

போல்ட்டுகளைக் கழற்றிச் சட்டத்தை ஜாக்கியோடு இறக்கினார். வாஷர் உட்கார்ந்திருந்த இடம் பளிச்சென்று வட்டமாகத் தெரிந்தது. அந்த வட்டத்தின் பக்கத்திலேயே, ஒட்டினாற்போல, பிறை வடிவில் இன்னொரு பழைய தடம். அவள் டார்ச்சை அடுத்த ஓட்டைக்குத் திருப்பினாள். அங்கேயும் பிறை. அதே பக்கம்.

"என்னங்க, இங்க ரெண்டு தடம் இருக்கே?"

"துரு."

"துரு இவ்வளவு வட்டமாவா பிடிக்கும்?"

"அப்போ அழுக்கு. டார்ச்சை ஆட்டாதே."

அவள் ஆட்டவில்லை. உற்றுப் பார்த்தாள். "பிரிச்ச சட்டையில பழைய ஊசித் துளை தெரியுமில்ல, அந்த மாதிரி இருக்குங்க. முதல் தையல் இந்தப் பிறை மேல போயிருக்கு. அப்புறம் யாரோ தள்ளித் தைச்சிருக்காங்க."

அந்த 'யாரோ' யாரென்று காருக்கு அடியில் படுத்திருந்த இருவருக்குமே தெரியும். ஆறு வருஷமாக வேறு எவன் கையும் அந்த வண்டியின் அடியில் பட்டதில்லை. அதில்தானே அவருக்கு அவ்வளவு பெருமை.

"இந்த ஓட்டை எதுக்கு?" என்று சட்டத்தில் போல்ட் இல்லாமல் சும்மா இருந்த ஒரு துளையைக் காட்டினாள்.

"தண்ணி வடியறதுக்கு."

"இதுக்கு நேர் மேல வண்டி உடம்புலயும் இதே அளவு ஓட்டை இருக்கே. சட்டத்தை இறக்கறதுக்கு முன்னாடி பார்த்தேன், பாதிதான் தெரிஞ்சுது."

"அதுவும் தண்ணி வடியறதுக்குத்தான்."

வண்டிக்குள் மழைக்காலம் நடக்கிறது போல! அவள் விடவில்லை. "கடையில ஒவ்வொரு கண்ணாடிக்கும் மூலைக்கு மூலை அளக்கறீங்களே. இதை அளந்தீங்களா?"

மில்லிமீட்டரின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவித் தரையில் விழுந்தது. அப்புறம் வெடித்தார். "ரெண்டு தடவை பெயிலானவ எனக்கு வண்டி சொல்லித் தர்றியா? ஊசி நூலோட நிறுத்திக்கோ!"

அவள் டார்ச்சை அணைத்துத் தரையில் வைத்தாள். "ஒருத்தருக்குச் சட்டை ஒரு பக்கமா இழுக்குதுன்னு வைங்க. உங்க உடம்பு கோணல்னு நான் சொல்லமாட்டேன். சொன்னா அடுத்த நாள் ஒருத்தி என் வாசப்படி ஏறமாட்டா. என் வெட்டுல தப்பான்னு பிரிச்சுப் பார்ப்பேன். நீங்க இத்தனை நாளா என் உடம்புதான் கோணல்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கீங்க."

எழுந்து, முதுகில் ஒட்டியிருந்த தூசியைக்கூடத் தட்டாமல் உள்ளே போய்விட்டாள். மெஷினில் உட்கார்ந்தாள். கோபத்தில் கால் பெடலை மிதித்த மிதியில் ஒரு காலர் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. வெளியே மில்லிமீட்டர் சட்டத்தை ஏற்றி, மஞ்சள் வட்டத்துக்குள் முடியளவு பிசகாமல், பழைய கோணலிலேயே துல்லியமாக மாட்டி முடித்தார். தப்பை இவ்வளவு சுத்தமாகச் செய்ய அவரால்தான் முடியும்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் வீட்டில் பேச்சு கிடையாது. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு மேஜைக்கு வந்தது. பந்து ஜன்னல் ஓரத்தில் அப்படியே கிடந்தது. அமுக்கினாயா என்று அவரும் கேட்கவில்லை.

புதன்கிழமை மதியம் கடையிலிருந்து பாதியில் வந்துவிட்டார். இருபது வருஷத்தில் இரண்டாவது தடவை. சட்டையை மாற்றாமல் நேரே கொட்டகைக்குப் போய் வண்டியை ஏற்றினார். ஜன்னல் வழியாக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மில்லிமீட்டர் காருக்கு அடியில் டேப்பை விரித்து, ஒரு முனையைக் கால் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறு முனையைக் குறுக்காக இழுத்தார். டேப் நழுவி 'சர்ர்' என்று சுருண்டு அவர் மூக்கில் அடித்தது. மறுபடி. மறுபடியும் மூக்கு. குறுக்களவு என்பது ஒரு ஆள் வேலை அல்ல. கடையில் மறுமுனை பிடிக்க ஆள் உண்டு, வீட்டில் இருந்த ஆளைத்தான் அவரே எழுப்பி அனுப்பியிருந்தாரே.

அவள் தைத்துக்கொண்டே இருந்தாள். வேடிக்கை நன்றாக இருந்தது, பொய் சொல்வானேன்?

ஐந்தாவது தடவைக்குப் பிறகு காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "கொஞ்சம் வந்து... இந்த முனையைப் பிடிக்கிறியா?"

போனாள். அட்டையில் படுத்தாள். வண்டியின் உடம்பில் இருந்த ஒரு துளையில் டேப்பின் முனையை அவள் பிடிக்க, சட்டத்தின் எதிர் மூலை வரை அவர் இழுத்தார்.

"ஆயிரத்துப் பன்னிரண்டு" என்றார். இடம் மாறிப் படுத்தார்கள். அடுத்த குறுக்களவு. டார்ச்சைக் கிட்டே கொண்டுபோய் டேப்பைப் பார்த்தார். "ஆயிரத்து அஞ்சு."

மறுபடி அளந்தார். அதேதான். டேப் பழசு என்றார். கடையிலிருந்து கொண்டுவந்த புது டேப்பால் அளந்தார். அதேதான். அவள் கழுத்திலிருந்த தையல் டேப்பைக் கழற்றி நீட்டினாள். "துணி டேப் இழுபடும்" என்று முனகிக்கொண்டே வாங்கி அளந்தார். அதுவும் ஏழு மில்லிமீட்டர் வித்தியாசம் காட்டியது. உலகத்தில் உள்ள டேப்புகள் எல்லாம் சேர்ந்து அவருக்கு எதிராகச் சதி செய்கின்றன என்று சொல்ல வாயெடுத்திருப்பார், பக்கத்தில் அவள் படுத்திருந்ததால் விட்டுவிட்டார்.

நாலு போல்ட்டையும் முழுக்கக் கழற்றாமல் இரண்டு சுற்று தளர்த்தினார். சட்டம் விழாமல் ஜாக்கி தாங்கியது. போல்ட்டுக்கான ஓட்டைகள் போல்ட்டைவிடச் சற்றுப் பெரியவை, அதனால்தான் சட்டம் அங்கே இங்கே நகர முடிகிறது, கோணலாகவும் முடிகிறது. மரக்கட்டையை அணைகொடுத்துக் கடப்பாரையால் நெம்பினார். அவள் அந்தத் தண்ணீர் வடியும் ஓட்டையில் ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை வைத்து மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம். இன்னும். ஐயோ, தாண்டிப் போச்சு. பின்னாடி வாங்க. மெதுவா!"

ஸ்க்ரூடிரைவர் சளக்கென்று கைப்பிடி வரை மேலே ஏறியது. சட்டத்தின் துளையும் வண்டி உடம்பின் துளையும் ஒன்றன்மேல் ஒன்றாக நேரே நின்றன. வாஷர்கள் பழைய பிறைத் தடங்களின் மேல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன.

"தண்ணி வடியற ஓட்டை சரியாயிடுச்சுங்க" என்றாள்.

குறுக்களவை மறுபடி எடுத்தார்கள். இரண்டும் ஆயிரத்து எட்டு. எதிரெதிர் போல்ட்டாக மாற்றி மாற்றி இறுக்கினார். பின்சக்கரத்திலிருந்து நூல் கட்டி முன்சக்கரங்களை நேராக்கினார். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பல் தள்ளி மாட்டிய ஸ்டீயரிங்கையும் பழைய பல்லுக்கே திருப்பினார். எல்லாம் செய்தார். செய்தது தப்பு என்ற ஒரே ஒரு சொல் மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை. கையை எண்ணெய்த் துணியில் துடைத்துக்கொண்டு, "குடிக்கத் தண்ணி கொடு" என்றார்.

வியாழன் காலை தேர்வு மைதானம் வரைக்கும் தானே ஓட்டுவதாகச் சொல்லி ஏறி உட்கார்ந்தார். தெருமுனை தாண்டியதுமே வண்டி வலது பக்கம் போகத் தொடங்கியது. சடக்கென்று திருத்தினார். மறுபடி வலது பக்கம். நடுக்கோட்டைத் தொட்டுத் தொட்டு மீண்டது. எதிரே வந்த பால்வண்டிக்காரர் ஹாரன் அடித்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார், நல்ல வார்த்தையாகத் தெரியவில்லை. ஆறு வருஷமாக இடது பக்கம் இழுத்த வண்டியை வலது பக்கம் பிடித்து இழுத்தே பழகிய கை அது. இப்போது வண்டி நேராக இருந்தது, அவர்தான் கோணல். அவள் ஜன்னல் பக்கமாகத் திரும்பி, உதட்டைக் கடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

"ரோடு..." என்று ஆரம்பித்தார்.

"சரிவா?" என்றாள்.

மைதானம் வரைக்கும் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே ஓட்டினார்.

வரிசையில் நிற்கும்போது வண்டிக் காகிதங்களுக்காக முன்பெட்டியைத் திறந்தாள். மேலேயே நோட்டு இருந்தது. அவளுக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது, ஆனாலும் பக்கம் தானாக விரிந்தது. 'ஓட்டுநர் பிழை' என்ற இரண்டு வரிகளையும் ஸ்கேல் வைத்து நேராக அடித்திருந்தார். கீழே புதிதாக ஒரு வரி, அதே அச்சுக் கையெழுத்தில்: பொருத்தியவர் பிழை. 7 மி.மீ. ஆறு வருடம்.

அவளுக்கு அழ வேண்டும் போல இருந்தது. அந்த ஒரு வரிக்காக அல்ல. அமுக்கிய பந்துக்காக, மூன்று தடவை அளந்த துணிகளுக்காக, வந்தவர் போனவர் எல்லாம் பார்த்துவிட்டுப் போன தன் கைக்காக. மன்னித்துவிடத் தோன்றியது, நாலு அறை விடவும் தோன்றியது. இரண்டுக்கும் நேரமில்லை. அவள் முறை வந்துவிட்டது.

ஆய்வாளர் பக்கத்தில் ஏறினார். இரண்டு வெள்ளைக் கோடுகள் முன்னால் ஓடின. அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்தாள், எதையும் எதிர்த்துப் பிடிக்காமல், வெறுமனே பிடித்தாள். வண்டி போனது. பாதி தூரம் தாண்டியது. இடது கோடு இடத்திலேயே இருந்தது. கோடு முடியும் வரைக்கும் அது கிட்டே வரவே இல்லை.

பாஸ் என்று எழுதிய தாளை வாங்கிக்கொண்டு, அவள் நேரே அக்கா வீட்டுக்கு வண்டியை விட்டாள். மில்லிமீட்டர் பக்கத்து சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு வந்தார். அன்று நடைப்பயிற்சி நாள். அக்கா ஊன்றுகோலோடு வாசலிலேயே தயாராக நின்றிருந்தாள்.

"ஜெயிச்சுட்டியாடி!" என்று தங்கையின் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். அப்புறம் அவரைப் பார்த்தாள். "என்ன தம்பி, உங்க பந்து வைத்தியம் கடைசியில பலிச்சிடுச்சு போல இருக்கே?"

ஆமாம் என்று சொன்னால் போதும். அக்கா நம்பிவிடுவாள். சொந்தமெல்லாம் நம்பிவிடும், நோட்டு முன்பெட்டிக்குள் மூடியே கிடக்கும். தங்கை சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றாள். அவருக்கு உதவிக்கு அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்வதாக இல்லை.

மில்லிமீட்டர் தொண்டையைச் செருமினார். "பந்து இல்லீங்க. அவ கையில ஒரு தப்பும் இல்ல, எப்பவுமே இல்ல. நான்தான் வண்டியைக் கோணலா மாட்டி வெச்சிருந்தேன்." கொஞ்சம் நிறுத்தினார். துல்லியம் விடவில்லை. "ஏழு மில்லிமீட்டர்."

அக்கா தங்கையின் வலது கையை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, இரண்டு கையாலும் மூடி வைத்துக்கொண்டாள். "அடப் பாவி மனுஷா" என்று மட்டும் சொன்னாள்.

அக்காவைப் பின்சீட்டில் மெதுவாக ஏற்றி, காலை நீட்டி வைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள் தங்கை. கிளப்பும் முன் கைப்பையைத் திறந்து சிவப்புப் பந்தை எடுத்தாள். எதற்கு அன்று காலையில் அதைப் பையில் போட்டாள் என்று அவளுக்கே தெரியாது. அவர் மடியில் வைத்தாள்.

"உங்களுக்கு வலது கைக்கு" என்றாள். "காலையில அம்பது, சாயங்காலம் அம்பது."

வண்டி நேராகப் போய்க்கொண்டிருந்தது. மில்லிமீட்டர் பந்தை வலது கையில் எடுத்து அமுக்கி, வாய்க்குள் எண்ணத் தொடங்கினார்.